மயக்க மருந்தும் புற்றுநோயின் மீள்வரவும்

கத்தி பட்டாற் புற்று பரவும் என்பது நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பலரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு நம்பிக்கையாகும். தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் இக்கூற்றைக் கேட்கலாம். மார்பிலே கட்டியொன்று தோன்றியிருப்பதை உணர்ந்த பெண்ணொருத்தி, அதனை வைத்தியரிடம் காட்ட அஞ்சி மாதக்கணக்காய் மறைத்து வைப்பதற்கு வறுமையும் நாணமும் மட்டும் காரணமல்ல. அறுவைக்கு உடன்பட்டால் நோய் உடலெங்கும் ஓடிவிடும் என்ற அச்சமும் காரணமாகின்றது. மயக்க மருந்து கொடுத்தால் மீண்டும் கண் விழிப்போமோ என்ற ஐயமும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது. இவ்விரண்டு அச்சங்களும் ஒன்றுகூடி, எளிதில் நீக்கியிருக்கக்கூடிய கட்டியை நீக்கமுடியாத நிலைக்கு வளர்த்துவிடுகின்றன.

இந்த அச்சம் முழுவதும் வெறும் பொய்யோவெனின், அவ்வாறு சொல்லி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. சத்திர சிகிச்சையின்போது உடலினுள் நிகழும் மாற்றங்கள், எஞ்சியிருக்கும் சில புற்றுக் கலங்களுக்குச் சாதகமாக அமையக்கூடும் என்பதை மருத்துவ அறிஞர்களே ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வாறாயின், மயக்கமூட்டும் முறையையும் நோவைத் தணிக்கும் முறையையும் மாற்றுவதனால் நோய் மீண்டும் தோன்றுவதைக் குறைக்க முடியுமா என்னும் வினா இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உலகெங்கும் எழுப்பப்பட்டு வருகின்றது. அவ்வினாவுக்கு இதுகாறும் கிடைத்துள்ள விடைகளையும், அவ்விடைகள் ஒரு சாதாரண நோயாளிக்கு உணர்த்தும் பாடத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். முழுமயக்கத்தில் நிகழ்ந்ததாக நன்கு பதிவாகியுள்ள மிகப் பழைய சத்திர சிகிச்சைகளுள் ஒன்று மார்புப் புற்றுநோய்க்காகவே செய்யப்பட்டதென்பது பலரும் அறியாத செய்தி. யப்பான் நாட்டு வைத்தியரான ஹனயோக்கா செய்ஷூ என்பார், மூலிகைகளாற் காய்ச்சிய மயக்கக் குடிநீரொன்றை அருந்தச் செய்து, 1804ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மூதாட்டி ஒருவரின் மார்புக் கட்டியை அகற்றினார். அக்காலத்தில் யப்பான் வெளியுலகத்தோடு பெரிதும் தொடர்பற்றிருந்தமையால் இச்செய்தி மேனாடுகளுக்கு எட்டவில்லை. 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வைத்தியசாலையொன்றில் மோட்டன் என்பவர் ஈதர் ஆவியை நுகரச் செய்து நோயாளியை மயக்கிக் காட்டிய பின்னரே மயக்க மருந்து உலகெங்கும் பரவலாயிற்று. அடுத்த ஆண்டிலேயே எடின்பரோவில் சிம்சன் என்பார் குளோரோபோமைப் பயன்படுத்தினார்.

அதற்கு முன்னர்ச் சத்திர வைத்தியனின் பெருமை அவனது கைவேகத்திலேயே தங்கியிருந்தது. நோயாளியைப் பலர் பிடித்துக்கொள்ள, சில நிமிடங்களுள் அறுத்து முடித்தல் வேண்டும். புற்றுக் கட்டியை அதன் வேரோடும் சுற்றுத் தசையோடும் நிதானமாக அகற்றுதற்கு அந்த அவசரத்தில் இடமில்லை. மயக்க மருந்து வந்த பின்னரே வைத்தியனுக்கு அவகாசம் கிட்டியது. ஆகவே மயக்க மருந்து இன்றேல் இன்றைய புற்றுநோய்ச் சத்திர சிகிச்சையே இல்லை எனலாம். பின்னே வரும் ஆராய்ச்சிகளைக் கேட்கும்போது இவ்வுண்மையை மறத்தல் கூடாது.

மயக்கமூட்டும் முறைகள் இக்காலத்திற் பலவாகும். அவற்றை மூன்று வகையாகப் பிரித்து விளங்கிக்கொள்ளலாம். ஒன்று, செவோபுளூரேன் போன்ற ஆவியைச் சுவாசத்தோடு உட்செலுத்தி முழுமயக்கத்தை உண்டாக்குவது. மற்றொன்று, புரொப்போபோல் என்னும் பால்போன்ற மருந்தை நாளத்தினூடாகச் செலுத்தி உறங்கச் செய்வது. மூன்றாவது, உடலின் ஒரு பகுதியை மட்டும் விறைக்கச் செய்வது. பல் பிடுங்குவதற்குமுன் போடும் விறைப்பூசியை அறியாதார் இலர். அதிற் பெரும்பாலும் பயன்படும் லிடோகெயின் என்னும் மருந்தைச் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் லோவ்கிரென் 1943இல் ஆக்கினார். அத்தகைய மருந்தை முள்ளந்தண்டின் அருகே, நரம்புகள் புறப்படும் இடத்திற் செலுத்தினால் மார்பின் ஒரு பக்கம் முழுவதையும் விறைக்கச் செய்யலாம். இவற்றோடு, அறுவையின் பின் எழும் நோவைத் தணிக்க மார்பின் முதலிய அபின் வழிவந்த மருந்துகளும் பயன்படுகின்றன.

இனி, அறுவையின்போது உடலில் நிகழ்வன யாவை என்பதைப் பார்ப்போம். தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்தல் அதன் நன்மைக்கே ஆயினும், வெட்டிய சில வாரங்கட்கு அச்செடி வெயிலுக்கும் பூஞ்சணத்துக்கும் எளிதில் இலக்காகின்றது என்பதைத் தோட்டத்தார் நன்கறிவர். மனித உடலும் அவ்வாறானதே. கட்டியைக் கையாளும்போது அதிலிருந்து சில கலங்கள் கழன்று இரத்தத்திலும் நிணநீரிலும் கலக்கக்கூடும். உடலின் காவற்படையாகிய வெண்கலங்களுள் இயற்கைக் கொல்லிக் கலங்கள் எனப்படும் ஒரு வகை உண்டு. அலைந்து திரியும் புற்றுக் கலங்களைத் தேடி அழித்தல் அவற்றின் பணிகளுள் ஒன்று. ஆனால் அறுவை தரும் அதிர்ச்சியினால் அட்ரினலின், கோட்டிசோல் முதலான ஓமோன்கள் பெருகுகின்றன. அவை இக்காவற் கலங்களின் ஆற்றலைச் சில நாட்களுக்குத் தளர்த்திவிடுகின்றன. புண்ணை ஆற்றுவதற்காக உடல் சுரக்கும் வளர்ச்சிப் பொருட்கள் புதிய இரத்தக் குழாய்களைத் தோற்றுவிக்கின்றன. அப்பொருட்கள் நல்ல தசைக்கு உதவுவதுபோலவே எஞ்சிய புற்றுக் கலத்துக்கும் உதவக்கூடும்.

கத்தி பட்டாற் பரவும் என்ற நம்பிக்கையில் அடங்கியுள்ள உண்மை இவ்வளவே. இந்தச் சிறு கேட்டை, கட்டியை அகற்றாது விட்டுவிடுவதனால் வரும் பெருங்கேட்டோடு ஒப்பிடுதல் மலையையும் மடுவையும் ஒப்பிடுதல் போலாகும். அகற்றப்படாத கட்டி சில நாட்கள் மட்டுமன்றி நாள்தோறும், நேரந்தோறும் கலங்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கின்றது. கவ்வாத்து வெட்டினாற் செடிக்குத் தீங்கு வரலாம் என்று அஞ்சி வெட்டாது விட்ட தேயிலை காடாகிப் பயனற்றுப் போகும் அன்றோ?

ஆயினும் அச்சிறு கேட்டையும் குறைக்க வழியுண்டா என்று நாடுவது அறிவியலின் இயல்பு. ஆய்வுகூடங்களில் நடத்திய சோதனைகள் சில குறிப்புகளைத் தந்தன. மார்பின் போன்ற மருந்துகள் காவற் கலங்களின் செயலைத் தளர்த்துகின்றன எனச் சில சோதனைகள் காட்டின. ஆவி மருந்துகள் புற்றுக் கலங்களுக்குச் சாதகமான சில மாற்றங்களைத் தூண்டுகின்றன எனவும், புரொப்போபோலில் அத்தீங்கு குறைவு எனவும் வேறு சில சோதனைகள் கூறின. இவற்றுக்கு மாறான குறிப்பும் உண்டு. 1993இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அறுவை செய்யப்பட்ட எலிகளுக்கு நோவு தணிய மார்பின் கொடுத்தபோது, புற்றுக் கலங்கள் நுரையீரலிற் படிவது கூடவில்லை, குறைந்தது. தணிக்கப்படாத நோவே உடலுக்கு ஓர் அதிர்ச்சி என்பதை அச்சோதனை உணர்த்தியது. கண்ணாடிக் கிண்ணத்திலும் எலியின் உடலிலும் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்பது தனியே தீர்க்கப்படவேண்டிய வினாவாயிற்று.

2006ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. மார்புப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 129 பெண்களின் பழைய ஏடுகளை வைத்தியர்கள் புரட்டிப் பார்த்தனர். அவர்களுள் 50 பேருக்கு முழுமயக்கத்தோடு முள்ளந்தண்டருகே விறைப்பு மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தது. ஏனைய 79 பேருக்கு முழுமயக்கமும் மார்பினும் கொடுக்கப்பட்டிருந்தன. மூன்றாண்டுகளின் பின் நோய் மீளாதிருந்தோர் முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 94 வீதம். இரண்டாம் கூட்டத்தில் 77 வீதம். இவ்வேறுபாடு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. ஓர் ஊசியினால் இத்துணை நன்மை விளையுமாயின், அதனை எங்கும் கைக்கொள்ளலாமே என்று பலரும் எண்ணினர்.

அவசரப்பட்டு அவ்வாறு முடிவு செய்யலாகாமைக்குக் காரணம் தலவாக்கலையாருக்கு எளிதில் விளங்கும். ஒரு மலைச் சரிவிலுள்ள தேயிலைக்கு ஓர் உரத்தையும், மற்றொரு சரிவிலுள்ள தேயிலைக்கு வேறோர் உரத்தையும் இட்டு, எதிற் கொழுந்து மிகுதி என்று பார்த்தால் விடை கிடைக்குமா? ஒரு சரிவில் மண் நன்றாயிருக்கலாம். மற்றதில் வெயில் குறைந்திருக்கலாம். விளைச்சலின் வேறுபாட்டுக்கு உரம் காரணமா, மண் காரணமா என்று கூற இயலாது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் வழியை இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பிஷர் என்னும் கணித அறிஞர் வகுத்தார். நிலத்தைப் பல சிறு பாத்திகளாகப் பிரித்து, எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தல் வேண்டும் என்பதே அவ்வழி. அப்போது நல்ல மண்ணும் தீய மண்ணும் இரு பக்கத்துக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும்.

பிஷரோடு சேர்ந்து அப்பரிசோதனைகளை நடத்தியவர்களுள் ஒருவராகிய ஈடன் என்பார், பின்னர் இலங்கைக்கு வந்து தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். 1925இல் நிறுவப்பட்ட அந்நிலையமே தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் விளங்குவது. தேயிலை விளைச்சற் பரிசோதனைகளில் நேரும் பிழைகளை அளந்து ஈடன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1931இல் வெளிவந்தது. மருத்துவத் துறையில் இம்முறை நிலைபெற்றது பிற்பாடுதான். சயரோகத்துக்கு ஸ்ரெப்ரோமைசின் பயன்படுமா என்பதை ஆராய்ந்த பிரித்தானிய அறிஞர்கள், நோயாளரை இவ்வாறு குலுக்கற் முறையிற் பிரித்து, முடிவை 1948இல் வெளியிட்டனர். ஆகவே கொழுந்தின் உண்மையை அறிய உதவிய அதே அளவுகோலே மருந்தின் உண்மையை அறியவும் உதவிற்று.

டப்ளின் ஏடுகளுக்குத் திரும்புவோம். அங்கே எப்பெண்ணுக்கு எம்முறை என்பது குலுக்கலால் தீர்மானிக்கப்படவில்லை. நோய் முற்றாதவர்களுக்கு ஒரு முறையும் முற்றியவர்களுக்கு மற்றொரு முறையும் அறியாமலே வாய்த்திருக்கலாம். தொகையும் சிறிது. இதனை உணர்ந்த அதே ஆராய்ச்சியாளர், அமெரிக்க அறிஞர் செஸ்லர் என்பாரோடு சேர்ந்து ஒரு பெரும் பரிசோதனையைத் தொடங்கினர். தம் கண்டுபிடிப்பைத் தாமே கடுஞ்சோதனைக்கு உட்படுத்திய அவர்களது நேர்மை போற்றத்தக்கது. சிங்கப்பூர், சீனம், அயர்லாந்து, ஜேர்மனி முதலிய 8 நாடுகளின் 13 வைத்தியசாலைகளில், 2007 முதல் 2018 வரை, 2,108 பெண்கள் அதிற் சேர்ந்தனர். ஒரு பாதியினருக்கு முள்ளந்தண்டருகே விறைப்பு மருந்தும் புரொப்போபோலும். மறு பாதியினருக்குச் செவோபுளூரேன் ஆவியும் அபின் வழி மருந்தும். 2019இல் முடிவு வெளியாயிற்று. முதற் கூட்டத்தில் 102 பேருக்கும், இரண்டாம் கூட்டத்தில் 111 பேருக்கும் நோய் மீண்டது. இரண்டும் நூற்றுக்குப் பத்து வீதமே. வேறுபாடு இல்லை எனத் தெளிவாயிற்று.

ஏனைய பரிசோதனைகளும் இதனை ஒத்தே பேசின. சீனத்தில் நுரையீரற் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 400 பேரிடம், முள்ளந்தண்டு வழியாக விறைப்பு மருந்து சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், நோயின் மீள்வரவு குறையவில்லை என 2021இல் அறிவிக்கப்பட்டது. சுவீடன் அறிஞரின் தலைமையில் 1,600க்கும் மேற்பட்ட மார்புப் புற்றுநோயாளரிடையே புரொப்போபோலையும் செவோபுளூரேனையும் ஒப்பிட்டபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்விற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என 2023இல் முடிவு வந்தது. இம்மருந்துகளுள் ஒன்று புற்றை வளர்க்கும், மற்றொன்று தடுக்கும் என்று அஞ்சுதற்கு இப்பரிசோதனைகள் இடந்தரவில்லை.

இத்துடன் கதை முடிந்ததென எண்ணிய வேளையில், இந்தியாவின் மும்பை நகரிலிருந்து எதிர்பாராத ஒரு செய்தி கிடைத்தது. 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு வைத்தியசாலை, இந்தியாவின் ஏழை எளிய புற்றுநோயாளர் பலருக்கும் புகலிடமாக விளங்குவது. அங்கே சத்திர வைத்திய நிபுணரான ராஜேந்திர பாட்வே என்பாரின் தலைமையில் ஓர் எளிய வழி ஆராயப்பட்டது. நோயாளர் எல்லாருக்கும் வழக்கம்போல முழுமயக்கமே கொடுக்கப்பட்டது. ஆனால் குலுக்கற் முறையில் தெரிந்தெடுத்த ஒரு பாதியினருக்கு மட்டும், கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடங்களுக்கு முன்னர், கட்டியைச் சுற்றி நாற்புறமும் அரை வீதச் செறிவுள்ள லிடோகெயின் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அவ்வளவே. வேறெவ்வகைச் சிகிச்சையும் மாற்றப்படவில்லை.

இந்தியாவின் 11 வைத்தியசாலைகளில், 2011 டிசெம்பர் முதல் 2022 ஜனவரி வரை, 1,600 பெண்கள் இதிற் சேர்க்கப்பட்டனர். அவர்கள் யாவரும் நோய் முற்றாத நிலையில், முதற் சிகிச்சையாகவே அறுவைக்கு வந்தவர்கள். அவர்களுள் 1,583 பேரின் விவரங்கள் கணிக்கப்பட்டு, முடிவு 2022இல் பாரிஸ் நகர் மாநாடொன்றிற் கூறப்பட்டு, 2023இல் மருத்துவ ஏட்டில் அச்சாயிற்று. ஐந்தாண்டுகளின் பின் நோய் மீளாது வாழ்ந்தோர், விறைப்பூசி பெற்றவர்களுள் நூற்றுக்கு 86.6 வீதம், பெறாதவர்களுள் 82.6 வீதம். உயிரோடிருந்தோர் முறையே 90.1 வீதமும் 86.4 வீதமும் ஆவர். நூறு பெண்களில் நால்வர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் அந்நால்வரும் நான்கு குடும்பங்களின் தாய்மார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செலவோ மிகச் சொற்பம். லிடோகெயின் பழைய மருந்து, மலிவான மருந்து, சிறிய வைத்தியசாலைகளிலும் கிடைப்பது. அம்மருந்தினால் தீங்கு நேர்ந்ததாகவும் அப்பரிசோதனையில் அறிவிக்கப்படவில்லை.

முள்ளந்தண்டருகே கொடுத்தபோது பயன் தராத விறைப்பு மருந்து, கட்டியைச் சுற்றிக் கொடுத்தபோது பயன் தந்தது எவ்வாறு? இதற்குக் கூறப்படும் விளக்கம் சுவையானது. நரம்புகளின் மேற்பரப்பிலே சோடியம் அயன்கள் புகுந்து செல்லும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவ்வாயில்கள் திறந்து மூடுவதனாலேயே நோவுச் செய்தி ஓடுகின்றது. லிடோகெயின் அவ்வாயில்களை அடைத்துவிடுகின்றது. இத்தகைய வாயில்கள் புற்றுக் கலங்கள் சிலவற்றிலும் உள்ளன. அவை கலம் ஊர்ந்து சென்று அயற்றசையைத் துளைப்பதற்குத் துணைபுரிகின்றன என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே கத்தி தொடுமுன் கட்டியைச் சூழ்ந்து மருந்து நின்றால், கலைந்து ஓட முயலும் கலங்கள் செயலிழந்துபோகலாம். அயலூருக்குச் செல்லும் பெருவீதியிற் காவல் வைப்பதற்கும், கள்வன் இருக்கும் வீட்டைச் சுற்றியே காவல் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. முன்னைய பரிசோதனைகளில் மருந்து கட்டியை நேரே சென்று சூழவில்லை. சீனத்தில் கணையப் புற்றுநோயாளர் 563 பேரிடம் லிடோகெயினை நாளத்தினூடாகச் செலுத்திப் பார்த்தபோதும் ஆயுள் நீடிக்கவில்லை என 2022இல் வெளியான முடிவும் இவ்விளக்கத்தோடு முரண்படவில்லை.

எனினும் நிதானம் தவறலாகாது. மும்பைப் பரிசோதனையில் ஊசி பெறாத பாதியினருக்கு வெறும் நீரூசி போடப்படவில்லை. ஆதலின், அறுவை செய்யும் வைத்தியருக்கு யார் ஊசி பெற்றவர் என்பது தெரிந்தே இருந்தது. கட்டியைச் சுற்றி நீர்மம் பாய்ச்சியதே போதுமானதா, மருந்துதான் காரணமா என்ற வினாவும் உண்டு. தோட்டமொன்றில் ஒரு முறை கண்ட விளைச்சலைக் கொண்டு மலைநாடு முழுவதற்கும் உர விதி வகுக்க எந்த ஆராய்ச்சி நிலையமும் துணியாது. அதுபோலவே வேறு நாடுகளிலும், வேறு வைத்தியர் கைகளிலும், வேறு வகைப் புற்றுகளிலும் இம்முடிவு மீண்டும் காணப்படுதல் வேண்டும். அவுஸ்திரேலிய அறிஞர்களின் தலைமையில், பெருங்குடற் புற்றும் நுரையீரற் புற்றும் உடையோர் 5,700க்கு மேற்பட்டோரைச் சேர்க்கும் நோக்குடன் மயக்க மருந்துகளையும் லிடோகெயினையும் ஆராயும் ஒரு பெரும் பரிசோதனை வகுக்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே.

இவ்வாராய்ச்சிகளிலிருந்து ஒரு நோயாளி அறியவேண்டியவை மூன்று. முதலாவது, மயக்க மருந்தின் வகையை எண்ணிக் கலங்க வேண்டுவதில்லை. எம்மருந்து எந்நோயாளிக்கு ஏற்றது என்பதை, அவரது இருதயம், சுவாசம், வயது, வேறு நோய்கள் ஆகியவற்றை நோக்கி உணர்வழியியல் நிபுணர் தீர்மானிப்பார். நீரிழிவு, இழைப்பு, உண்ணும் மருந்து, முன்னர் மயக்க மருந்தினால் நேர்ந்த ஒவ்வாமை, வெற்றிலை புகையிலைப் பழக்கம் ஆகியவற்றை மறையாது அவரிடம் கூறுதலே நோயாளியின் கடமை. கட்டியைச் சுற்றிய ஊசி பற்றியும் சத்திர வைத்தியரிடம் தயக்கமின்றிக் கேட்கலாம். கேட்பது குற்றமன்று. ஆனால் அது கிடைக்கவில்லை என்பதற்காக அறுவையைத் தள்ளிப்போடுதல் அறிவுடைமையாகாது.

இரண்டாவது, நோவைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று. மார்பின் கொடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்றும், அது புற்றை வளர்க்கும் என்றும் அஞ்சி, அறுவையின் பின் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போர் உளர். வைத்தியர் மேற்பார்வையிற் சில நாட்கள் கொடுக்கப்படும் மருந்தினால் அடிமைத்தனம் வருவது அரிது. அதனாற் புற்று மீளும் என்பதற்கும் மனிதரிடையே உறுதியான சான்று இல்லை. மாறாக, நோவு தணியாதவர் ஆழ்ந்து மூச்சு விடமாட்டார்; எழுந்து நடக்கமாட்டார்; உறங்கமாட்டார். அதனாற் சளிக்கட்டும் இரத்த உறைவும் நேரக்கூடும். நோவு உண்டாயின் தாதியிடம் உடனே சொல்லுதல் வேண்டும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. மேற்கூறிய பரிசோதனைகளிற் கண்ட வேறுபாடுகளெல்லாம் நூற்றுக்கு ஒன்றோ நான்கோ என்ற அளவின. ஆனால் கட்டி சிறிதாயிருக்கும்போது வருவதற்கும், நெறிகட்டிப் புண்ணாகி வேறுறுப்புகளிற் பரவியபின் வருவதற்கும் உள்ள வேறுபாடு, குணமாதலுக்கும் குணமாகாமைக்கும் உள்ள வேறுபாடாகும். மும்பையில் ஊசி பெறாத கூட்டத்தை மீண்டும் நோக்குக. அவர்களிலும் நூற்றுக்கு 82 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளின் பின்னும் நோய் மீளாது வாழ்ந்தனர். அவர்களும் கத்தி பட்டவர்களே. மயக்க மருந்து பெற்றவர்களே. கத்தி பட்டாற் புற்று பரவும் என்பது உண்மையாயின், இவ்வாறு நிகழ்ந்திருக்க இயலாது. அவர்கள் வாழ்ந்தது நோய் முற்றுமுன் வந்தமையாலேயாம்.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்புப் புற்றுநோய், ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலையும் பாக்கும் மெல்லும் வழக்கம் நிறைந்த தோட்டப் புறங்களில் இவ்விரண்டாவது நோய் ஆண் பெண் இருபாலாரையும் அச்சுறுத்துகின்றது. தோட்டப் பெண்ணின் நாள் விடியுமுன் தொடங்குகின்றது. பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்குச் சென்று, மலையேறிக் கொழுந்து பறித்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்து மீளும்போது மாலையாகிவிடும். வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடுமே என்பது அவளது கவலை. கண்டிக்கோ மஹரகமைக்கோ செல்லவேண்டி நேர்ந்தால் வழிச்செலவு, துணைக்கு வருபவரின் கூலி, வீட்டிலுள்ள சிறுவரின் உணவு எனக் கவலைகள் பெருகும். இவை யாவும் உண்மையான கவலைகளே. ஆயினும் தொடக்கத்திற் சில நாட் பேரை இழப்பதா, பின்னர்ப் பல மாத உழைப்பையும் இறுதியில் உயிரையுமே இழப்பதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாகவே அளிக்கப்படுகின்றது. 1996 முதல் நடைபெற்றுவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பும் கருப்பைக் கழுத்தும் பரிசோதிக்கப்படுகின்றன. தோட்டங்களுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் அது நடைபெறும் நாளும் இடமும் தெரியவரும். மாதம் ஒரு முறை தன் மார்பைத் தானே தடவிப் பார்த்தற்கு ஒரு சதமும் செலவில்லை. நோவில்லாத கட்டி, தோலிற் குழி விழுதல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், அதிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் நெறி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வைத்தியரைக் காணுதல் வேண்டும். நோவில்லையே என்று வாளாவிருத்தல் பெரும் பிழை. தொடக்கத்திற் புற்றுக்கட்டி பெரும்பாலும் நோவதில்லை. வாயில் இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணையும், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பையும் அவ்வாறே காட்டுதல் வேண்டும். கணவன்மாரும் மாமியாரும் இதில் ஓர் உதவி செய்யலாம். “போய்க் காட்டிவிட்டு வா, வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்” என்ற ஒரு சொல், விலையுயர்ந்த மருந்து பலவற்றினும் மேலானது.

கட்டியைச் சுற்றிப் போடும் ஒரு சிறு ஊசி, நூறு பெண்களில் நால்வரின் நலத்தைக் காக்குமாயின் அதனை உறுதிப்படுத்திக் கைக்கொள்ளுதல் வைத்திய உலகின் பொறுப்பு. அந்த ஊசி பயன்படுதற்குரிய வேளை தவறாமல் வைத்தியசாலையின் வாயிலை மிதித்தல் நோயாளியின் பொறுப்பு. முன்னைய பொறுப்பை அறிஞர்கள் ஆற்றிவருகின்றனர். பின்னைய பொறுப்பை ஆற்றுதற்கு நோயாளிக்குத் துணையாக நிற்றல் அயலார் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.